எழுத்தின் கறுப்பு ஒரே பிளேட்டில் இருக்கட்டும்

சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று புது வருஷக் காலண்டர் ஆல்பம் வெளிவரும். அன்றிலிருந்து மார்கழி வரை அச்சுத் தகடு தயாராகும் எங்கள் பிளேட் ரூமில் மெஷின் நிற்காது. காலண்டரும் டைரியும் ஓய்கிற நேரத்தில் சென்னைப் புத்தகக் காட்சிக்கான புத்தகங்கள் வந்துவிடும். சொந்தக் காசைப் போட்டு முதல் புத்தகம் கொண்டுவருகிறவர்கள் அதில் நிறையப் பேர். அவர்களுடைய பிடிஎஃப்பை பிளேட் போடுவதற்கு முன்னால் கடைசியாகத் திறந்து பார்ப்பது என் வேலை. ப்ரீபிரஸ் என்பார்கள். அந்த முதல் புத்தகக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அச்சகத்தில் புழங்கும் பேச்சு கொஞ்சம் புரிந்தால் புத்தகம் நன்றாக வரும். எல்லாவற்றையும்விட முதலில் புரிய வேண்டியது கறுப்பு.

ஃபோர் கலர் அச்சில் சயான், மெஜந்தா, எல்லோ, பிளாக் என்று நான்கு மை. ஒவ்வொன்றுக்கும் தனி அலுமினியப் பிளேட். நான்கும் தாளில் ஒரே இடத்தில் வந்து உட்கார வேண்டும், அதுதான் ரெஜிஸ்டர். ஆஃப்செட்டில் மையோடு தண்ணீரும் ஓடுகிறது. தாள் ஈரம் குடித்தால் கொஞ்சம் நீளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றிலேயே ஈரம் இருக்கும். அப்போது மெஷின்காரத் தம்பி வந்து, "அக்கா, எழுத்து நிக்க மாட்டேங்குது" என்பான். அவன் கொண்டுவரும் தாளை லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். 'ண'வின் சுழிக்குள் மெஜந்தா கசிந்து நிற்கும். 'ழு'வின் வால் ஓரத்தில் நீலக் கோடு ஓடும். மெய்யெழுத்தின் புள்ளி, புள்ளியாக இல்லாமல் கலர் கறையாகத் தெரியும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினாலே சின்ன எழுத்தில் இந்தக் கதிதான். வாசிக்கிறவருக்குக் காரணம் தெரியாது, கண் மட்டும் சலித்துப் போகும்.

காரணம் பெரும்பாலும் மெஷினில் இல்லை, ஃபைலில் இருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில் கறுப்பாக அடித்த எழுத்தை அப்படியே சிஎம்ஒய்கே-வுக்கு, அதாவது இந்த நான்கு மைக்கு மாற்றினால், வழக்கமான செட்டிங்கில் அது சயான் 75 சதவீதம், மெஜந்தா 68, எல்லோ 67, பிளாக் 90 என்று நான்கு பிளேட்டிலும் போய் விழும். திரையில் நல்ல கறுப்பாகத்தான் தெரியும். எழுத்துக்கு பிளாக் 100, மற்ற மூன்றும் 0. இவ்வளவுதான் வேண்டியது. ஒரே பிளேட்டில் இருக்கும் எழுத்து எதை விட்டு விலகப் போகிறது?

இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அக்ரோபேட் புரோவில் 'அவுட்புட் ப்ரிவ்யூ'வைத் திறந்து, பிளாக்குக்கு எதிரே இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். பக்கத்தில் உள்ள எழுத்து மொத்தமும் மறைய வேண்டும். பழுப்பாக ஏதாவது மிச்சம் நின்றால் டிசைனரிடம் திருப்பி அனுப்புங்கள். உள்பக்கம் சிங்கிள் கலர் என்று பேசி முடித்த புத்தகத்துக்கும் இது பொருந்தும். டிசைன் சாஃப்ட்வேரின் நிறப் பட்டியலில், அதாவது ஸ்வாட்ச்சில், 'ரெஜிஸ்ட்ரேஷன்' என்று ஒரு நிறம் இருக்கும். அதுவும் பார்க்கக் கறுப்புதான், ஆனால் நான்கு மையும் 100. கட்டிங் குறிகளுக்காக இருக்கிற நிறம் அது. அதில் ஒரு முழு அத்தியாயம் வந்து பார்த்திருக்கிறேன்.

அட்டையில் பெரிய கறுப்புப் பின்னணி வேண்டும் என்றால் கணக்கு வேறு. வெறும் பிளாக் 100 பெரிய பரப்பில் வெளுத்த மாதிரி இருக்கும். சயான் 60, மெஜந்தா 40, எல்லோ 40, பிளாக் 100 என்று சேர்த்தால் ஆழம் வரும். ரிச் பிளாக் என்பது இதுதான். ஆசைப்பட்டு நான்கையும் 100 ஆக்கிவிடாதீர்கள். ஆர்ட் பேப்பரில் நான்கு மையின் சதவீதத்தையும் கூட்டினால் 300-ஐ ஒட்டி நிற்பது நல்லது, செய்தித்தாளில் 240. தாண்டினால் மை காயாது, அடுக்கிய தாளில் மேல் தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். செட்-ஆஃப் என்று புலம்புவார்கள்.

கல்யாணப் பத்திரிகையிலும் அட்டையிலும் அடிக்கடி வரும் இன்னொன்று ஓவர்பிரிண்ட். கலர் பின்னணிமேல் கறுப்பு எழுத்து வந்தால், அடியில் இருக்கும் கலரை வெட்டாமல் மேலேயே அச்சடிப்பது. ரெஜிஸ்டர் லேசாக விலகினாலும் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரியாது, அருமையான ஏற்பாடு. ஆனால் அதே எழுத்தை அப்புறம் வெள்ளையாக மாற்றிவிட்டு ஓவர்பிரிண்ட்டை எடுக்காமல் விட்டால், பிளேட்டில் அந்த எழுத்தே இருக்காது. வெள்ளை என்பது தாள்தானே, மை இல்லையே. ஓவர்பிரிண்ட் ப்ரிவ்யூ போட்டுப் பார்த்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

தமிழ் ஃபாண்ட் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. பாமினி, வானவில் போன்ற பழைய ஃபாண்ட்டில் அடித்த ஃபைலில் ஃபாண்ட்டைச் சேர்க்காமல் அனுப்பினால் எங்கள் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் குப்பையாகத் திறக்கும். யூனிகோடில் அடித்து இன்டிசைனில் ஓட்டுகிறவர்கள் பத்தி அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி' கம்போசரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் 'கொ'வில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். கோரல்டிராவில் செய்த அட்டையை கர்வ்ஸாக, அதாவது எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றி அனுப்புவது பாதுகாப்பு. ஆனால் மாற்றுவதற்கு முந்தைய ஃபைலையும் பத்திரமாக வையுங்கள். கடைசி நேரத்தில் ஒரு ஒற்றுப்பிழை கண்ணில் பட்டால், கர்வ்ஸில் அதைத் திருத்துவது பெரும்பாடு.

பிளீட் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஓரம் வரை போகும் படமோ நிறமோ வெட்டுக்கோட்டைத் தாண்டி 3 மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும், எழுத்து உள்ளே தள்ளி இருக்க வேண்டும். சரி.

பக்கக் கணக்கு ஃபாரத்தில் பேசப்படும். 16 பக்கம் ஒரு ஃபாரம். 128 பக்கம் என்றால் 8 ஃபாரம், தாள் வீணாகாது. 130 பக்கம் என்று வந்தால் அந்த 2 பக்கத்துக்காகத் தனியாக பிளேட், தனியாக ஓட்டம். முன்னுரையைச் சுருக்கவோ வெற்றுப்பக்கத்தைக் குறைக்கவோ முடியுமா என்று அச்சுக்கு முன்பே பாருங்கள். அதற்காகக் கவிதையை நெருக்கி அடைக்க வேண்டாம், அதற்கு அரை ஃபாரம் கூடுதலாகப் போவதே மேல்.

அட்டையின் முதுகு அகலத்தை ஜிஎஸ்எம் பார்த்து முடிவு செய்கிறார்கள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை. தடிமன் வேறு. 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ என்கிற சாதாரண வெள்ளை அச்சுத் தாளைவிட அதே எடையுள்ள புக் பிரிண்டிங் பல்க் தாள் தடிமனாக இருக்கும். முதுகில் இருக்கும் தலைப்பு முன்னட்டைப் பக்கம் சரிந்து கிடக்கிற புத்தகங்களில் பல இப்படித்தான் ஆனவை. எந்தத் தாள் என்று அச்சகத்தில் முடிவானதும் அதே தாளில், அதே பக்க எண்ணிக்கையில் அச்சில்லாத மாதிரிப் புத்தகம், அதாவது வெற்று டம்மி ஒன்று ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஸ்கேல் வைத்து முதுகை அளந்து அந்த அளவை டிசைனருக்குச் சொல்லுங்கள். அட்டை ஃபைல் அதற்குப் பிறகு வந்தால் போதும், உள்பக்க பிளேட்டை நாங்கள் அதற்குள் முடித்திருப்போம்.