பழைய கார் பார்க்கப் போறீங்களா?

ஆபீஸ் தம்பி ஒருவர் எட்டு வருடப் பழைய சின்ன கார் பார்க்கப் போகிறார். அவருக்குச் சொன்னதையே இங்கும் போடுகிறேன்.

முதலில் ஏர்கான். நம்ம சிங்கப்பூர் வெயிலில் வருடம் முழுக்க ஓடுவது அதுதானே. காற்று வருகிறது, குளிர் இல்லை என்றால் "கேஸ் அடைச்சா சரியாயிடும்" என்பார்கள். நம்பாதீர்கள். கேஸ் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவது கூலிங் காயிலில், அதாவது காற்றைக் குளிர வைக்கும் குழாய்ச் சுருளில் என்றால் பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும். பொருள் விலையைவிடக் கூலி கூடிவிடும்.

அப்புறம், ஆட்டோ கியர் வண்டி என்றால், சிக்னலில் 'டி'யில் (ஓட்டும் கியர்) நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறதா பாருங்கள். 'என்'னுக்கு (நியூட்ரல்) மாற்றியதும் அடங்கினால் பெரும்பாலும் எஞ்சின் மவுண்ட், அதாவது எஞ்சினைத் தாங்கும் ரப்பர், தேய்ந்திருக்கும். தாங்கக்கூடிய செலவு, விலையைக் குறைத்துப் பேசவும் உதவும். சிவிடி கியர் (படிப்படியாக இல்லாமல் சீராக மாறும் ஆட்டோ கியர்) உதறினால் மட்டும் வேறு வண்டி பாருங்கள். அதைப் பிரித்து வேலை பார்த்தால் ஆயிரக்கணக்கில் வெள்ளி போகும்.

பேட்டரி, டயர், பிரேக் பேட் எல்லாம் தேயத்தான் செய்யும், விடுங்கள்.

பத்து வருடம் தாண்டி சிஓஇ (வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்த வண்டிக்கு இன்ஸ்பெக்‌ஷன் வருடா வருடம் உண்டு. வண்டி வேலை நடக்கும் உபி, சின் மிங் வட்டாரங்கள் பக்கம் இரண்டு மூன்று வொர்க்‌ஷாப்பில் விசாரியுங்கள். ஒரே வேலைக்கு ஆளுக்கொரு விலை சொல்வார்கள்.