மகிழமரத்தடியில் கீறிய வட்டங்கள்

கணித சேர் காலமான செய்தி மாசியில் ஒரு ஞாயிறு காலை தொலைபேசியில் வந்தது. பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் மூன்று வருடமாகக் கேட்கிறார். இதைத்தான் எழுதவேண்டும்.

1983, பத்தாம் வகுப்பு, தொடைகள் (கணங்கள்) பாடம். 40 மாணவர்களில் 24 பேர் துடுப்பாட்டம், 18 பேர் உதைபந்தாட்டம், 7 பேர் இரண்டும். ஒன்றாவது விளையாடுவோர் எத்தனை பேர்? கரும்பலகையில் 42 என்று எழுதினேன்.

"நாப்பது பேரிலை நாப்பத்திரண்டு பேர் விளையாடுறாங்களோ? மற்ற ரெண்டு பேரும் ஆரடா?"

வகுப்பு சிரித்தது. எனக்குக் காது சுட்டது. சேர் அடிக்கவில்லை. எல்லோரையும் மகிழமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய், தடியால் மண்ணில் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வட்டம் கீறினார். அவரவர் விளையாட்டுக்குரிய வட்டத்துக்குள் போனார்கள். இரண்டும் விளையாடுகிறவர்கள் நடுவில் நெரிந்துகொண்டு நின்றார்கள்.

"இவங்களை ரெண்டு தரம் எண்ணிப்போட்டாய். ஒருக்காக் கழி."

24உம் 18உம் 42. அதில் 7 போக 35. இரண்டுக்கும் பொதுவான அந்த இடைவெட்டு அன்றுதான் விளங்கியது. ஆனால் நானும் இன்னும் நாலு பேரும் இரண்டு வட்டத்துக்கும் வெளியே நின்றோம். ஏன் விளையாடுவதில்லை என்று சேர் கேட்டார். "பின்னேரம் தோட்டத்துக்கு இறைக்கப் போறனான் சேர்" என்றேன். மறுபடியும் சிரிப்பு. இந்தச் சிரிப்புத்தான் இன்றும் நினைவில் சுடுகிறது.

சேர் சிரிக்கவில்லை. தடியை எடுத்து எல்லோரையும் சுற்றி ஒரு பெரிய பெட்டி கீறினார். "அகிலத் தொடையைக் கீறாமல் கணக்கைத் தொடங்கினது என்ரை பிழை. வட்டத்துக்கு வெளியிலை நிக்கிற நிரப்பியும் இதுக்குள்ளைதான்" என்றார். அதிலும் இல்லாதவர், இதிலும் இல்லாதவர் என்று எங்களைக் காட்டியே டி மோர்கன் விதியையும் சொன்னார்: ஒன்றிப்பின் (இரண்டு வட்டமும் சேர்ந்ததின்) நிரப்பி, நிரப்பிகளின் இடைவெட்டுக்குச் சமன். நின்று படித்த விதி, மறக்காது.

அப்புறம் தன் கையால் கணக்குகள் செய்து வைத்திருந்த கொப்பியைத் தந்தார். "சோதனை முடியத் தா." சோதனை முடிந்தது. 1985இல் ஓர் இரவு வீட்டைவிட்டு வெளிக்கிட்டேன். சேரிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லக்கூடிய காலமா அது? கொப்பி வீட்டு அலுமாரியில் கிடந்தது. 1995 ஐப்பசி யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகு அந்த வீடும் இல்லை, அலுமாரியும் இல்லை.

லண்டனில் கவர் வீதி வழியாகத்தான் பல வருடம் வேலைக்குப் போனேன். டி மோர்கன் 1828இல் முதல் கணிதப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற கல்லூரி அங்கே இருக்கிறது. அவர் 1806இல் மதுரையில் பிறந்து, ஏழு மாதக் குழந்தையாக இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டவர் என்று பிறகுதான் வாசித்தேன். இதைச் சேருக்குச் சொல்லவேண்டும் என்று இலக்கம் தேடி எடுத்துப் பேசினேன். "மதுரையிலோ? மதுரையிலோ?" என்று சின்னப்பிள்ளை மாதிரிச் சந்தோசப்பட்டார். இருமல் இடையிடையே வந்தது. வைக்கப் போகும்போது கேட்டார்:

"தம்பி, அந்தக் கொப்பி இருக்கோ?"

"இருக்குது சேர்" என்றேன்.