டிரைவருக்கு ஒரு ஷாஃப்ட்

2025 ஜனவரி 12, ஞாயிறு, கொடைக்கானல்

நண்பரின் டிரைவரை, அதாவது கோல்ஃபில் பந்தை வெகுதூரம் அடிக்கும் மட்டையை, இரவல் வாங்கி மூன்று பந்து அடித்தேன். அவருடைய ஷாஃப்ட் (மட்டையின் தண்டு) 45 கிராம், ‘ஆர்’, அதாவது சாதாரண விறைப்பு. என்னுடையது 65 கிராம், ‘எஸ்’, இன்னும் விறைப்பு. அவருடையதைக் கையில் எடுத்தால் தென்னை ஈர்க்கு மாதிரி இருக்கிறது. மூன்று பந்தும் நான் சென்னையில் அடிக்கும் தூரத்தைத் தாண்டிப் போய் விழுந்தன. “நீயே வச்சுக்கோ, ஒரு மாசம் அடிச்சுப் பாரு” என்றார். ராத்திரி தூக்கமே வரவில்லை.

ஜனவரி 13, திங்கள்

மலையிறங்கும்போதுதான் உறைத்தது. கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி உயரம். காற்று அடர்த்தி குறைவு, பந்துக்குத் தடையும் குறைவு. கடலோரத்தில் அடிப்பதைவிட எட்டு, பத்து விழுக்காடு கூடப் போவது அங்கே சாதாரணம். என் பழைய டிரைவரில் அடித்திருந்தாலும் நேற்று பந்து கூடுதலாகத்தான் போயிருக்கும். ஊரில் வைத்துப் பார்க்காமல் எதுவும் முடிவு செய்யக் கூடாது.

ஜனவரி 19, ஞாயிறு, சென்னை

காலை ஆறரைக்கே பந்து அடித்துப் பழகும் ரேஞ்சுக்குப் போய்விட்டேன். டிரைவரின் முகத்தில், அதாவது தலையில் பந்து படும் பக்கத்தில், முகப் பவுடரைப் பூசிவிட்டு அடித்தால், பந்து பட்ட இடத்தில் பவுடர் அழிந்து வட்டமாகத் தடம் விழும். ஈர்க்கு ஷாஃப்டில் பத்துப் பந்து. ஒரு தடம் தலையின் நுனியில், அடுத்தது ஷாஃப்டை ஒட்டிய குதிகாலில், இன்னொன்று கிட்டத்தட்ட மேல் விளிம்பில். வேகமாகச் சுழல்வது தெரிகிறது. ஆனால் பின்னால் தூக்கிய உச்சியில் மட்டையின் தலை எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியவில்லை. ஃபீல் என்று நாம் சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன். தலையின் இருப்பிடம் விரல்களுக்குத் தெரிய வேண்டும்.

என் பழைய 65 கிராமில் தலை தெரிகிறது. ஆனால் ஐம்பது பந்துக்கு மேல் தோள் இழுக்கிறது.

ஜனவரி 25, சனி

எனக்கு ஏற்ற ஷாஃப்டை அளந்து தேர்ந்தெடுக்கும் ஃபிட்டிங்குக்குப் போனேன். அங்கிருந்த தம்பி ரொம்பப் பொறுமை. “சார், முதல்ல அந்த எழுத்தை மறந்துடுங்க” என்றார். ஆர், எஸ் என்பதற்கெல்லாம் கம்பெனிகளுக்குள் பொது அளவு கிடையாது. ‘ஆர்’ என்று போட்ட இரண்டு ஷாஃப்டுகளைக் கைப்பிடிப் பக்கம் இறுக்கிப் பூட்டி, தம்பூராத் தந்தியைச் சுண்டுவதுபோல நுனியைச் சுண்டிவிட்டார். கருவி நிமிடத்துக்கு எத்தனை அதிர்வு என்று எண்ணுகிறது. ஒன்று 238, மற்றது 251. ஒரே எழுத்துக்கு இவ்வளவு வித்தியாசம்!

அப்புறம் அடிக்கச் சொன்னார். 45 கிராமில் தலையின் வேகம் மணிக்கு 92 மைல், பந்தின் வேகம் 127. 65 கிராமில் 89, 125. கடைசியாக 55 கிராமில், அந்த 238 அதிர்வு ஷாஃப்டில், 91, 133. தலை வேகமாகச் சுழன்ற ஷாஃப்டில் பந்து வேகமாகப் போகவில்லை. நடுவில் பட்டதில்தான் போனது. பந்து முகத்தோடு ஒட்டியிருப்பதே அரை மில்லி வினாடிதான். நடு தப்பினால் அதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

டார்க் பற்றியும் கொஞ்சம் பேசினார், ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும் அளவு அது. என் வேகத்துக்கு அதைவிட எடைதான் முக்கியம் என்பது என் முடிவு.

ஜனவரி 28, செவ்வாய்

எங்கள் கிளப் சுவரில் மாட்டியிருக்கும் ஹிக்கரி மரத்தண்டு மட்டையை இன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தேன். கோல்ஃப் விதிகளை வகுத்த செயின்ட் ஆண்ட்ரூஸின் ஆர் அண்ட் ஏ கிளப் எஃகுத் தண்டை ஏற்றுக்கொண்டதே 1929இல்தான். அதுவரை மரம். அதில் எழுத்து ஏது? கையில் பிடித்து ஆட்டிப் பார்த்துத்தான் பிடித்ததை எடுத்திருப்பார்கள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

55 கிராம் ஷாஃப்டைப் பொருத்தியாயிற்று. 45½ அங்குலத்தை 45 ஆக வெட்டச் சொன்னேன். அரை அங்குலம் குறைந்ததும் தலை எடையற்றுப் போன மாதிரி ஆகிவிட்டது. தலையின் அடியில் ஈயப் பட்டை 4 கிராம் ஒட்டினார். அசைத்துப் பார்த்தேன். போதவில்லை. இன்னும் 2 கிராம் ஒட்டியதும், சரி, தலை திரும்ப வந்துவிட்டது.

பிப்ரவரி 9, ஞாயிறு

பதினெட்டுக் குழியும் ஆடினேன். டிரைவர் எடுத்தது பதிமூன்று தடவை, ஃபேர்வேயில், அதாவது குட்டையாக வெட்டிய நடுப் புல்வெளியில், விழுந்தது ஒன்பது. முடித்துவிட்டு மறுபடி பவுடர் பூசி ஐந்து பந்து அடித்தேன். ஐந்து தடமும் ஒன்றன்மேல் ஒன்றாக, பழைய ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டத்துக்குள். தோளிலும் வலி இல்லை.

ஏழாம் நம்பர் அயர்னில் (குறைந்த தூரத்துக்கான மட்டை) இன்னும் 130 கிராம் எஃகுத் தண்டுதான். அடுத்த சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு போகிறேன்.