3,60,000 கிலோமீட்டர் ஓடிய பிக்கப்: நாசில் சோதனை வரை வந்தாயிற்று

வாங்குவதா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டே இருந்த 2018ஆம் ஆண்டு பொலேரோ பிக்கப்பில், இஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நான்கு நாசில்களின் ரிட்டர்ன் அளவை, அதாவது பீய்ச்சப்படாமல் திரும்பி வழியும் டீசலின் அளவை, ஒருவழியாக எடுத்துவிட்டேன். விலை பேசி முடிக்கும் முன்பு இஞ்சினில் ஸ்பேனர் வைக்க எந்த விற்பனையாளரும் எளிதில் இசைவதில்லை. இந்த உரிமையாளர் போனட்டைத் திறந்து கொடுத்ததோடு, டார்ச்சையும் தாமே பிடித்துக்கொண்டு நின்றார்.

மீட்டர் 3,60,000ஐத் தாண்டியிருப்பது என்னை அவ்வளவாகக் கலங்கடிக்கவில்லை. எட்டு ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 45,000 கிலோமீட்டர் வருகிறது. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து இரவோடு இரவாகக் கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிச் சென்ற வண்டிக்கு அது இயல்பான ஓட்டமே. இதே வயதுடைய வண்டி 1,20,000 என்று காட்டி, பிரேக் பெடலின் ரப்பர் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடிய மூன்று லட்சத்தைவிட, குவாரியிலிருந்து எம்-சாண்டை அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டு முதல் கியரிலேயே முக்கி முனகிய ஒரு லட்சம் வண்டியை அதிகமாகத் தின்றிருக்கும் என்பது என் துணிபு. ஆகவே முதலில் வண்டிக்கு அடியில்தான் படுத்தேன். பின்புற ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை எதுவும் ஏற்றப்படவில்லை. ஹேங்கர் பிராக்கெட்டுகளை ஒட்டிச் சேஸில் வெல்டிங் தழும்பு தென்படவில்லை. புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்து எதையும் மூடி மறைக்காமல், பழைய தூசியும் மேலோட்டமான துருவும் அப்படியே இருந்தன.

ஆவணங்களில் ஒரே ஒரு சிக்கல் இருக்கிறது. கடன் அடைந்துவிட்டது என்று உரிமையாளர் கூறினாலும், ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன், அதாவது வண்டி கடனுக்கு ஈடாக இருக்கிறது என்ற பதிவு, இன்னும் நீக்கப்படவில்லை. நிதி நிறுவனத்தின் என்.ஓ.சி.யும் (தடையின்மைச் சான்று), அந்தப் பதிவை நீக்குவதற்கான கையெழுத்திட்ட படிவம் 35உம் கைக்கு வந்த பிறகே, பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களைத் தொடுவதாக இருக்கிறேன். எட்டு ஆண்டைக் கடந்த சரக்கு வண்டி என்பதால் இனி ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும்; அந்தச் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுகிறேன். மஞ்சள் பலகை வண்டியை என் சாதாரண கார் உரிமத்தில் ஓட்டலாமா என்று வீட்டில் கேட்டார்கள். 7,500 கிலோ வரையிலான வண்டிகளுக்கு அந்த உரிமமே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டதால், அந்தக் கேள்வி அங்கேயே முடிந்தது.

இனி நாசில் விஷயத்துக்கு வருகிறேன். இது 2,523 சிசி காமன் ரெயில் இஞ்சின்; பம்ப் அனுப்பும் டீசல் ‘ரெயில்’ என்ற பொதுக் குழாயில் உயர் அழுத்தத்தில் நின்று, அங்கிருந்து நான்கு நாசில்களுக்கும் போகும். காலையில் நான் போகும் வரை வண்டியைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்; ரேடியேட்டரில் கை வைத்துக் குளிர்ந்திருப்பதை உறுதி செய்துகொண்ட பின் சாவியைத் திருப்பியபோது ஒரே சுற்றில் பிடித்தது. இஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து வாய்மேல் கவிழ்த்து வைத்தபோது அது துள்ளவில்லை; பிஸ்டனைத் தாண்டிக் காற்று அதிகம் கசியவில்லை என்று பொருள். ஆனால் நன்றாக ஓட்டிச் சூடேற்றி, சற்று நேரம் அணைத்து வைத்துவிட்டு மீண்டும் எடுத்தபோது, செல்ஃப் நெடுநேரம் சுற்றிய பிறகே உயிர் வந்தது. உடனிருந்த புரோக்கர் பேட்டரி பழையது என்று சமாளித்தார். பேட்டரி காரணமாக இருந்தால் குளிர்ந்த காலையில்தானே அதிகம் திணறியிருக்க வேண்டும்! சூடேறிய டீசல் இளகிவிடும். தேய்ந்த நாசிலின் உள்வால்வு வழியாக அது ரிட்டர்னுக்கே ஓடிவிட்டால், செல்ஃப் சுற்றும் குறைந்த வேகத்தில் ரெயிலில் போதிய அழுத்தம் ஏறாது. அழுத்தம் ஏறாதவரை இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு. நாசிலைத் திறக்காது.

சோதனைக்குத் தனிக் கருவி வாங்கவில்லை. மீன் தொட்டிக்குக் காற்று செலுத்தும் 4 மி.மீ. குழாயை ஒரே நீளத்தில் நான்காக வெட்டி, ஒரே அளவுள்ள நான்கு இருமல் மருந்து பாட்டில்களில் விட்டேன். கழற்றிய பழைய ரிட்டர்ன் குழாயின் வாயை ஒரு போல்ட்டைச் செருகிக் கிளிப் போட்டு அடைத்தேன். உண்மையில் கஷ்டம் கொடுத்தவை நாசில் தலையில் இருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள்தான். ஆண்டுக்கணக்கில் சூட்டில் வெந்தவை, சற்று அழுத்தி நெம்பினாலே பொடிந்துவிடும் போலிருந்தன. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குழாய்களில் முன்கூட்டியே டீசலை நிரப்பிவிடாவிட்டால், முதலில் வருவது குழாயை நிரப்புவதற்கே போய், அளவு தவறாக வந்துவிடும். அளவெடுக்கும் நேரம் முடிந்ததும் குழாய்களை ஒவ்வொன்றாக உருவாமல் இஞ்சினையே அணைத்துவிடுவது நல்லது. பாட்டிலில் கோடு இல்லாததால் சிரிஞ்சால் உறிஞ்சி அளந்தேன். மூன்று பாட்டில்களில் ஏறத்தாழ 30 மி.லி.; மூன்றாவது நாசிலின் பாட்டிலில் மட்டும் 80 மி.லி.

எனக்கு இது மகிழ்ச்சி தந்த முடிவு. நான்கும் ஒரே மாதிரி அதிகமாகக் கசிந்திருந்தால், கலப்பட டீசலோ பம்பிலிருந்து வந்த இரும்புத் தூளோ எல்லாவற்றையும் அரித்திருக்குமோ என்று அஞ்ச வேண்டியிருந்திருக்கும். இருப்பினும் மற்ற மூன்றும் அதே தூரம் ஓடியவைதானே. நான்கையும் பழுது பார்க்கும் செலவைக் கணக்கில் வைத்தே விலை பேசுவேன். கோவை உக்கடத்திலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ உள்ள பழைய உதிரிபாகக் கடைகளில் பழைய நாசில் மலிவாகக் கிடைக்கும் என்கிறார்கள். கியர் பாக்ஸ் மூடி, கதவுக் கைப்பிடி போன்றவற்றுக்கு நானும் அங்கே செல்பவன்தான், ஆனால் டெஸ்ட் பெஞ்சில் (நாசிலைச் சோதிக்கும் இயந்திரம்) ஏற்றாத நாசிலைக் கண்ணால் பார்த்து வாங்க எனக்குத் துணிவில்லை. சங்ககிரிப் பக்கம் ஒரு பம்ப் கடையில் பேசி வைத்திருக்கிறேன்.

வண்டி கைக்கு வந்தால், தகடு நைந்துபோன லோடு பாடியை நாமக்கல்லில் கொடுத்து, மூன்று பக்கமும் மடங்கும்படி மாற்றிக் கட்ட எண்ணம். கொட்டகையில் பாதியில் நிற்கும் எம்.எம். 540 ஜீப்பின் இஞ்சினை லேத்துக்குக் கொண்டுபோக இனி வாடகை வண்டிக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்தாம் கியரில் கேட்கும் மெல்லிய இரைச்சலை இன்னும் ஆராயவில்லை.

கேட்கும் விலை 4,25,000 ரூபாய். என் மனத்தில் இருப்பது 3,75,000. மூன்றாவது நாசிலைக் கழற்றிப் பெஞ்சில் ஏற்றிப் பார்த்த பிறகே முன்பணம் தருவேன் என்றதற்கு உரிமையாளர் ஒப்புக்கொண்டார். இஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் இறுகிப்போயிருக்கும் நாசில் கழற்றும்போது உடைந்தால் அந்தச் செலவு யாருடையது என்பதில்தான் பேச்சு நிற்கிறது.