கிளட்ச் இல்லாத காரில் கியர் மாற்றிய கதை

டெட்ராய்ட் ஆற்றங்கரையில் தொடங்கி வடமேற்கே பான்டியாக் நகரம் வரைக்கும் சுமார் 43 கிலோமீட்டர் போகிறது உட்வர்ட் அவென்யூ. அமெரிக்காவில் முதன்முதலாக கான்கிரீட் போட்ட ஒரு மைல் நெடுஞ்சாலை இதில்தான் இருக்கிறது. ஆறாம் மைல் சாலைக்கும் ஏழாம் மைல் சாலைக்கும் நடுவே 1909ல் போட்டார்கள். அறுபதுகளில் இதே சாலையில் ராத்திரி நேரத்தில் ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னல் வரை பந்தயம் விடுவார்கள். பையன்கள் மட்டுமில்லை, பகலில் அந்தக் கார்களை வடிவமைத்த இன்ஜினியர்களும் வந்து ஓட்டிப் பார்த்த இடம் இது.

இப்போது பந்தயம் இல்லை, ஊர்வலம்தான். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை 'உட்வர்ட் டிரீம் குரூஸ்' நடக்கிறது. 1995ல் ஃபெர்ன்டேல் என்ற ஊரில் பிள்ளைகளுக்குக் கால்பந்து மைதானம் அமைக்கப் பணம் திரட்டுவதற்காக ஆரம்பித்த சமாச்சாரம் இது. சாலையோரப் புல்வெளியில் குடும்பம் குடும்பமாக மடக்கு நாற்காலி போட்டு, ஐஸ் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். பெட்ரோல் வாடையும் டயர் தேய்ந்த வாடையும் சாயங்காலம் வரை மூக்கை விட்டுப் போவதில்லை.

என் கல்லூரி நண்பன் பக்கத்தில் நோவை என்ற ஊரில் இருக்கிறான். கார் கம்பெனிகளையும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனிகளையும் நம்பி அந்தச் சுற்றுவட்டாரத்தில் நிறையத் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவனோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் 1967ஆம் வருட பான்டியாக் ஜிடிஓ இருந்தது (அந்த நகரத்தின் பெயரிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் விற்ற கார் பிராண்ட் பான்டியாக்). "மச்சான், சும்மா வேடிக்கை பார்க்காதே, உள்ளே உட்கார வைக்கிறேன் வா" என்று இழுத்துப் போனான்.

கரும்பச்சை நிறம். பானெட்டுக்கு மேலே, ஓட்டுநரின் கண்ணுக்கு நேராக, ஒரு சின்னக் கூம்புக்குள் ஆர்பிஎம் மீட்டர், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது. காருக்கு வெளியே மீட்டர் வைக்கும் இந்த வேலையை பான்டியாக் ஆரம்பித்தது அந்த 67ல்தான். மழை பெய்தால் கண்ணாடியில் பனி பூத்து ஒன்றும் தெரியாதாம். ஆனால் அழகு! உள்ளே கறுப்பு வினைல் சீட், மெலிசான பெரிய ஸ்டீயரிங், இடுப்புக்கு மட்டும் பெல்ட். கீழே பார்த்தால் இரண்டே பெடல்.

மஸில் கார், அதாவது பெரிய இன்ஜின் வைத்த அமெரிக்க வேகக் கார் என்றாலே கிளட்சை மிதித்து நாலு கியரையும் ஆத்திரத்தோடு போடுவதைத்தான் படங்களில் பார்த்துப் பழகியிருக்கிறோம். "இது ஆட்டோமேடிக்கா?" என்று கேட்டதும் பெரியவர் பதில் சொல்லாமல் இரண்டு சீட்டுக்கும் நடுவே இருந்த லீவரைத் தட்டிக் காட்டினார்.

அந்த லீவரைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஹர்ஸ்ட் கம்பெனி செய்தது. லீவர் நகர்கிற பள்ளம் ஒன்றில்லை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. இடப்பக்கப் பள்ளத்தில் இருந்தால் சாதாரண ஆட்டோமேடிக்: பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் என்று எல்லாக் காரிலும் இருப்பது. டிரைவிலிருந்து வலப்பக்கம் தள்ளினால் லீவர் இன்னொரு பாதைக்குள் விழுகிறது. அங்கே பின்னால் இழுத்து முதல் கியரில் வைத்துவிட்டு, முன்னால் தட்டத் தட்ட ஒவ்வொரு கியராக ஏறும். ஒரு தட்டுக்கு ஒரு கியர்தான். எவ்வளவு வேகமாக அறைந்தாலும் அடுத்ததைத் தாண்டிப் போகாது.

இந்தத் தடை எதற்கென்றால், ஆட்டோமேடிக் லீவரில் மேல் கியருக்குப் போக முன்னால் தள்ள வேண்டும், டிரைவுக்கு முன்னால் இருப்பதோ நியூட்ரல். சாதாரண லீவரில் அவசரத்தில் ஒரு படி அதிகமாகத் தள்ளிவிட்டால், ஆக்சிலரேட்டர் முழுக்க அழுந்தியிருக்கும் நேரத்தில் இன்ஜினுக்குப் பாரமே இல்லாமல் போய்விடும். அது அலறிக்கொண்டு ஏறும், பிஸ்டனோ ராடோ எது முதலில் போகும் என்பது அதிர்ஷ்டம். ஹர்ஸ்ட் லீவர் அந்த ஒரு பயத்தை எடுத்துவிட்டது. வலப்பக்கம் ஆணுக்கு, இடப்பக்கம் பெண்ணுக்கு என்று அந்தக் காலத்தில் விளம்பரம் செய்தார்கள். பெரியவரின் மனைவி வலப்பக்கத்தில்தான் ஓட்டுவாராம். இவர் சொல்லிச் சிரித்தார், அந்த அம்மா சிரிக்கவில்லை.

ஊர்வல நாளன்று உட்வர்டில் இதையெல்லாம் முயற்சி செய்ய வழியில்லை. ராயல் ஓக் வரைக்கும் டிரைவில் போட்டு ஊர்ந்ததுதான். நேராக இடப்பக்கம் திரும்பவும் முடியாது. தாண்டிப் போய், நடுத்திட்டில் விட்டிருக்கும் வளைவில் யூ-டர்ன் அடித்து வந்து வலப்பக்கம் திரும்ப வேண்டும். மிச்சிகன்காரர்களுக்கு அது ரொம்பச் சாதாரணம். அந்த ராயல் ஓக்கில்தான் அறுபதுகளில் ராயல் பான்டியாக் என்ற டீலர் இருந்தது. கம்பெனியில் வாங்கிய ஜிடிஓவை இன்னும் கொஞ்சம் முடுக்கிக் கொடுப்பதில் பேர்போன கடை. ஜிடிஓ பிறந்ததே ஒரு குறுக்குவழியில்தான். நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் விதி போட்டிருந்தது. பான்டியாக்கின் தலைமை இன்ஜினியர் ஜான் டெலோரியனும் அவருடைய ஆட்களும் டெம்பெஸ்ட் என்ற நடுத்தரக் காரில் 389 கன அங்குல இன்ஜினை 'விருப்பத் தேர்வு' என்று பட்டியலில் நுழைத்து 1964ல் விற்றுவிட்டார்கள்.

67ல் இன்ஜின் 400 கன அங்குலமானது, அதாவது 6.6 லிட்டர், 335 குதிரைத்திறன். கியர்பாக்ஸும் மாறியது. அதுவரை இரண்டே கியர் கொண்ட ஆட்டோமேடிக். அந்த ஆண்டு மூன்று கியர் கொண்ட டர்போ ஹைட்ராமேட்டிக் 400 வந்தது. ஆட்டோமேடிக் ஜிடிஓவை மதிக்க ஆரம்பித்தது அப்புறம்தான். இந்த கியர்பாக்ஸ் எவ்வளவு கெட்டியானது என்பதற்கு ஒன்று சொன்னால் போதும்: ரோல்ஸ் ராய்ஸும் ஜாகுவாரும், கடைசியில் ஃபெராரியும்கூட இதை வாங்கித் தங்கள் காரில் வைத்தார்கள்.

மறுநாள் ஞாயிறு காலை, சாலை காலியாக இருந்த நேரத்தில் பெரியவர் சாவியை நீட்டினார். அதற்கு முன்னால் வீட்டு வாசலில் நிறுத்தி, உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிக் கொடுத்தார். அது தெரிந்த பிறகுதான் லீவரைத் தொட வேண்டும் என்பது அவர் கட்சி. நானும் இப்போது அந்தக் கட்சிதான்.

உள்ளே கம்ப்யூட்டர் கிடையாது. எல்லாம் ஆயில் அழுத்தம். பின் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் பக்கத்தோடு சேர்ந்து கவர்னர் என்ற சின்ன உறுப்பு சுழல்கிறது. கார் வேகம் கூடக்கூட அதிலிருந்து வரும் ஆயில் அழுத்தமும் கூடும். அது கியர் மாற்றுகிற வால்வை ஒரு பக்கம் தள்ளுகிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு ஸ்பிரிங்கும், இன்ஜின் எவ்வளவு பாரத்தை இழுக்கிறது என்பதைப் பொறுத்த இன்னோர் அழுத்தமும் தள்ளுகின்றன. அந்தப் பாரத்தை அறிய இன்ஜினிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் மாடுலேட்டரில் சேர்கிறது. இன்ஜின் உறிஞ்சும் வேகம் அதற்குத் தெரிந்துவிடும். கவர்னர் ஜெயித்தால் மேல் கியர் விழும். மெதுவாக மிதித்தால் சீக்கிரமே ஜெயிக்கும், அழுத்தி மிதித்தால் தாமதமாக ஜெயிக்கும். அவ்வளவுதான் விஷயம்.

லீவரை முதல் கியரில் வைத்தால் என்ன ஆகிறது? கவர்னர் எவ்வளவு தள்ளினாலும் வால்வு நகராதபடி பிடித்துவைக்கிறது. நீங்கள் முன்னால் தட்டும்போது அந்தப் பிடியை விடுகிறீர்கள். கவர்னர் ஏற்கெனவே தயாராக இருந்தால் உடனே இரண்டாவது விழும். கார் நத்தை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தால், லீவர் இரண்டில் இருந்தாலும் கியர்பாக்ஸ் முதலிலேயே இருக்கும், தனக்குத் தோன்றும்போது மாறும். ஆக, கையால் ஓட்டும்போது நாம் கியர் போடுவதில்லை, 'இதற்கு மேல் போகாதே' என்று ஒரு வரம்பு வைக்கிறோம், வேண்டும்போது எடுக்கிறோம். கிளட்ச் காரில் பழகிய கைக்கு இது பிடிபடக் கொஞ்ச நேரம் ஆகும்.

இன்னொன்று. பிடியை விட்டதும் ஆயில் ஓடிப்போய் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் அடுத்த கியரின் கிளட்ச் தட்டுகளை அழுத்த வேண்டும். அதற்கு ஒரு கண நேரம் பிடிக்கிறது. முழு வேகத்தில் இன்ஜின் அந்தக் கணத்துக்குள் சில நூறு சுற்று ஏறிவிடும். அதனால் 5,000ல் கியர் மாற வேண்டுமென்றால் ஊசி 4,700ஐத் தொடும்போதே தட்டிவிட வேண்டும். இந்த இன்ஜினின் முழு குதிரைத்திறன் 5,000ல்தான். அதற்கு மேல் முறுக்குவதில் சத்தம்தான் மிச்சம்.

ஐ-75 நெடுஞ்சாலைக்கு ஏறும் சரிவுப் பாதை. லீவரை வலப்பக்கம் தள்ளி, பின்னால் முதலுக்கு இழுத்தேன். உலோகம் உலோகத்தில் உட்காரும் கனமான 'க்ளக்'. ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் மூக்கு தூக்கியது, சீட் முதுகைத் தள்ளியது. பானெட் மேல் ஊசி அவசரப்படாமல், ஆனால் நிற்காமல் ஏறியது. 4,700, தட்டினேன். ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைப்பதற்குள் சத்தம் ஒரு படி இறங்கி, கார் இன்னொரு முறை முன்னால் பாய்ந்தது. அந்த இடைவெளியில் காலை எடுக்கவே கூடாது. எடுத்தால் மாடுலேட்டர் பாரம் குறைந்துவிட்டது என்று நினைத்து அழுத்தத்தைக் குறைக்கும், கியர் வழுக்கி விழும். "காலை அப்படியே வை" என்று பக்கத்திலிருந்து பெரியவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

முதல் கியர் விகிதம் 2.48, இரண்டாவது 1.48, மூன்றாவது நேர் ஒன்றுக்கு ஒன்று. இவர் காரின் பின் ஆக்சில் விகிதம் 3.36. கணக்குப் போட்டால், 4,800ல் முதல் கியரிலேயே மணிக்கு 72 கிலோமீட்டர் வந்துவிடுகிறது. இரண்டாவதில் 120. அந்த நெடுஞ்சாலையின் வேக வரம்பு 113. அதாவது சட்டத்துக்கு உட்பட்டு ஓட்டினால் இரண்டாவது கியரை முழுசாகக் கூட முறுக்க முடியாது. மூன்றாவதைத் தட்டிவிட்டு அதே வேகத்தில் போனால் 3,000 சுற்றில் இன்ஜின் சளசளவென்று பேசிக்கொண்டே வரும். அதற்கு மேல் கியர் கிடையாது. நீண்ட பயணத்துக்கு ஏற்ற கார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இறங்கும் பாதையில்தான் எனக்கு இன்னும் பிடித்த விஷயம் இருந்தது. இரண்டுக்கு இழுத்ததும் கார் தானாகவே வேகத்தைக் குறைத்தது. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் வைத்த, அதுவும் இவ்வளவு கனமான காரில் இது பெரிய உபகாரம். டிரைவில் விட்டுவிட்டால் கீழ் கியர்களில் இந்தப் பிடிப்பு கிடைக்காது. அங்கே பாரத்தைத் தாங்குவது ஒருவழி கிளட்ச். பெடலை நிறுத்தினாலும் சைக்கிள் சக்கரம் தன்பாட்டுக்கு ஓடுகிறதே, அந்த மாதிரி கார் உருண்டுகொண்டே போகும். லீவரைக் கையால் கீழே வைத்தால் மட்டும் ஒரு பட்டை வந்து உள்ளே டிரம்மை இறுக்கிப் பிடிக்கிறது. பந்தயக்காரர்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. என்னைக் கேட்டால், தெருவில் ஓட்டுகிறவருக்கு லீவரின் உண்மையான பயன் இதுதான்.

பிறகு இப்ஸிலான்டி என்ற ஊருக்குப் போனோம். டிப்போ டவுன் என்ற பழைய ரயிலடிப் பகுதியில், ஒரு காலத்தில் ஹட்சன் கார் விற்ற கடையிலேயே ஆட்டோமோட்டிவ் ஹெரிடேஜ் மியூசியம் இருக்கிறது. ஹைட்ராமேட்டிக் கியர்பாக்ஸ்களை அங்கே பார்க்கலாம். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீலில் முதலில் வந்தது அந்தப் பெயர். போர்க்காலத்தில் ஸ்டூவர்ட் டாங்கிகளுக்குள்ளும் போயிருக்கிறது. 1953ல் லிவோனியாவில் இருந்த ஹைட்ராமேட்டிக் தொழிற்சாலை தீப்பிடித்து அழிந்ததும், ஜெனரல் மோட்டார்ஸ் பக்கத்தில் வில்லோ ரன்னில் இருந்த, ஃபோர்டு போர்விமானம் கட்டிய பிரம்மாண்டமான கூடத்துக்குக் குடிபோனது. பெரியவர் காரில் இருக்கும் 400ஐயும் அங்கே செய்தார்கள். 2010ல் அதை மூடிவிட்டார்கள். அதே ஆண்டில்தான் பான்டியாக் பெயரும் கடையை விட்டுப் போனது.

டிரீம் குரூஸ் வாகன நிறுத்தங்களில் கேட்டால் ஒவ்வொருவரும் தங்கள் லீவரைக் காட்டுவார்கள். 1956 முதல் 1964 வரைக்குமான பெரும்பாலான ஆட்டோமேடிக் கிரைஸ்லர் கார்களில் கியர் லீவரே இல்லை, டாஷ்போர்டில் பட்டன். ஃபோர்டில் இரண்டில் வைத்தால் இரண்டாவது கியரிலேயே கிளம்பும், பனியில் சக்கரம் வழுக்காமல் இருக்க நல்லது. கமேரோ கார் வைத்திருந்த ஒருவர், கியர் மாற்றுகிற வால்வுகள் இருக்கும் வால்வு பாடியையே மாற்றி, கியர் தானாக மாறவே மாறாதபடி செய்திருந்தார். வரிசையும் தலைகீழ்: நியூட்ரலுக்கு அடுத்து முதல் கியர், பின்னால் இழுக்க இழுக்க மேல் கியர். நேர்கோட்டில் விடும் டிராக் பந்தயத்துக்கு அது சரி. பால் வாங்கப் போகும்போதும் கியரைக் கையால் மாற்ற வேண்டுமென்றால் பேசாமல் கிளட்ச் காரையே வைத்துக்கொள்ளலாம். 1983, 84 ஹர்ஸ்ட் ஓல்ட்ஸ்மொபீல் காரில் மூன்று லீவர்கள் வரிசையாக நிற்கும். பார்க்கக் கம்பீரம், வேலைக்கு ஒன்றே போதும்.

போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே போய்விடுங்கள். சாயங்காலங்களில் கார்கள் ஏற்கெனவே சுற்ற ஆரம்பித்துவிடும், சொந்தக்காரர்களுக்கும் பேச நேரம் இருக்கும். இன்ஜினைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள், நீங்கள் கியர்பாக்ஸைப் பற்றிக் கேளுங்கள், பானெட்டைத் திறந்து ஆயில் குச்சியைக்கூட உருவிக் காட்டுவார்கள். இன்ஜின் சூடாகி, பார்க்கில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அதைப் பார்க்க வேண்டும். ஆயில் சிவப்பாகத் தெளிவாக இருந்தால் சரி. பழுப்பாகிக் கருகிய வாடை வந்தால் அந்தக் காரில் லீவரைத் தட்டிப் பார்க்க ஆசைப்படாதீர்கள்.