ரெஃப்ரி தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு: கோல் கம்பத்துக்குப் பின்னால் நடக்கும் சண்டைகளைக் கவனியுங்கள்

இங்கிலாந்தில் கால்பந்து நடுவர் பயிற்சியில் சேர 14 வயது ஆகியிருந்தால் போதும். அந்தந்தக் கவுண்டியின் கால்பந்து சங்கம்தான் நடத்துகிறது. நான் சேர்ந்தது மிடில்செக்ஸில். கொஞ்சம் ஆன்லைன் பாடம், கொஞ்சம் வகுப்பறை, கொஞ்சம் மைதானம், விதிகளைப் பற்றிய கேள்விகள், அப்புறம் நிஜ ஆட்டங்கள். லண்டனில் ஹாரோ பக்கம் நம் பிள்ளைகள் சிலர் இப்போது இதில் சேர ஆசைப்படுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கைச்செலவுக்குக் காசு வரும், ஓடி ஆடவும் செய்யலாம். அவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் கேட்பது ஒரே கேள்விதான்: எப்படிப் படிப்பது?

விதிப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து உருப்போடாதீர்கள் என்பதுதான் என் பதில். மொத்தம் 17 விதிகள். படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், கேள்வியைப் பார்த்தால் நழுவும். சனிக்கிழமை மூன்று மணிக்குப் பக்கத்தில் இருக்கும் நான்-லீக் மைதானத்துக்குப் போங்கள். பிரீமியர் லீக், அதற்குக் கீழே மூன்று பிரிவுகள் என்று மேலே இருக்கும் 92 கிளப்புகளை விட்டால் மீதி எல்லாமே நான்-லீக். தெற்கு ஹாரோவில் ஹாரோ பரோவின் எர்ல்ஸ்மீட் இருக்கிறது, ரைஸ்லிப்பில் வீல்ட்ஸ்டோனின் குரோவ்னர் வேல் இருக்கிறது. உங்கள் ஊரிலும் ஒன்று இருக்கும். கோட்டுக்கு இரண்டடி தள்ளி கம்பியில் சாய்ந்து நின்று பார்க்கலாம். ரெஃப்ரி மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும்.

அங்கே வீடியோ ரெஃப்ரி கிடையாது, பெரிய திரையில் மறுஒளிபரப்பும் கிடையாது. அதனால் ஒரு பெனால்டி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்த விவாதம் முடியவே முடியாது. இரண்டு அணி ரசிகர்களும் பெரும்பாலும் கலந்தே நிற்பார்கள் என்பதால் ஒரே சம்பவத்துக்கு இரண்டு தரப்பு வாதமும் பக்கத்திலேயே கிடைக்கும். ஆட்டம் முடிந்து கிளப்பின் பாரிலும் அது தொடரும். தேர்வுக்குப் படிப்பவனுக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? அந்த வாதங்களில் அடிபடும் தப்பெண்ணங்கள்தான் கேள்வித்தாளில் தவறான விடைகளாக உட்கார்ந்திருக்கின்றன.

அடிக்கடி கேட்கும் ஒன்று: "பந்தைத்தான் தட்டினான் ரெஃப்!" பந்தைத் தொட்டுவிட்டால் ஃபவுல் இல்லை என்று, ஃபவுல்களைப் பற்றிய 12-ஆம் விதியில் எங்கும் இல்லை. எப்படிப் போய் மோதினான் என்பதைத்தான் விதி பார்க்கிறது. கவனக்குறைவாகப் போயிருந்தால் ஃப்ரீ கிக் மட்டும், அட்டை இல்லை. எதிராளிக்கு அடிபடுமே என்ற யோசனையே இல்லாமல் போயிருந்தால் மஞ்சள். மிதமிஞ்சிய வேகத்தில், எதிராளிக்கே ஆபத்தாகிற மாதிரி போயிருந்தால் சிவப்பு. பந்தைச் சுத்தமாக எடுத்த பிறகும் பின்னங்காலால் ஆளைச் சாய்த்தால் சிவப்பு வரலாம். இந்த மூன்று படிகளும் மனசில் நின்றுவிட்டால் 12-ஆம் விதியில் பாதி முடிந்த மாதிரி.

அடுத்தது "கடைசி ஆள்". டிஃபெண்டர் ஒருவன் எதிராளியை இழுத்துப் போட்டதும் கம்பி ஓரத்தில் பாதிப் பேர் சிவப்பு கேட்பார்கள், "அவன்தானே கடைசி ஆள்!" என்று. விதியில் கடைசி ஆள் என்ற கணக்கே கிடையாது. கோல் அடிக்கும் தெளிவான வாய்ப்பு பறிபோனதா என்பதுதான் கேள்வி. அதற்கு நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: கோலுக்கு எவ்வளவு தூரம், ஆட்டம் எந்தத் திசையில் போகிறது, பந்து இழுக்கப்பட்டவனின் கட்டுப்பாட்டில் இருந்ததா அல்லது வரும் வாய்ப்பு இருந்ததா, மற்ற டிஃபெண்டர்கள் எங்கே, எத்தனை பேர். பின்னால் இன்னொரு டிஃபெண்டர் இருந்தாலும் அவனால் எட்ட முடியாது என்றால் சிவப்புதான். கடைசி ஆளாகவே இருந்தாலும் பந்து கார்னர் கொடியைப் பார்த்து உருண்டுகொண்டிருந்தால் சிவப்பு இல்லை. பெனால்டி பெட்டிக்குள் இன்னொரு திருப்பம் உண்டு. பந்தை எடுக்க முயன்று தவறியதால் வந்த ஃபவுல் என்றால் 2016-இலிருந்து பெனால்டியும் மஞ்சளும்தான். சட்டையைப் பிடித்து இழுத்தால் சிவப்பு மாறாது. இந்த இடத்தைக் கேள்வி தயாரிப்பவர்கள் சும்மா விடுவதே இல்லை.

கையில் பட்டதைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. "கை! கை!" என்று கத்துபவர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான். இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கை என்பது அக்குளின் அடிமட்டத்துக்குக் கீழே இருந்துதான் தொடங்குகிறது. தற்செயலாகக் கையில் பட்ட பந்து சக வீரனிடம் போய் அவன் கோல் அடித்தால், 2021-இலிருந்து அது குற்றம் இல்லை. ஆனால் யார் கையில் பட்டதோ அவனே உடனே கோல் அடித்தால் செல்லாது.

ஆஃப்சைடில்தான் ரசிகர்களின் பேச்சு தேர்வு எழுதுபவனை ரொம்பக் கெடுக்கும். பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி அவர்கள் கோலுக்குப் பக்கத்தில் நிற்பதுதான் ஆஃப்சைடு இடம். நான்-லீக்கில் ஒரு அழகான வழக்கம் உண்டு. தங்கள் அணி எந்தக் கோலைத் தாக்குகிறதோ அதன் பின்னால் போய் நிற்பார்கள், இடைவேளையில் கூட்டமாக மறுமுனைக்கு நடந்து போவார்கள். பெனால்டி பெட்டிக்குள் இடிப்பதையும் தள்ளுவதையும் பார்க்க அது நல்ல இடம். ஆஃப்சைடு பார்க்க அதைவிட மோசமான இடம் கிடையாது. பின்னாலிருந்து பார்த்தால் யார் யாருக்கு முன்னால் என்பது தெரியவே தெரியாது. ஆனாலும் அங்கிருந்துதான் சத்தம் அதிகமாக வரும்! ஒரு பாதி அவர்களோடு நில்லுங்கள். அடுத்த பாதி பக்கவாட்டுக் கோட்டில், கடைசிக்கு முந்தைய டிஃபெண்டருக்கு நேராக, லைன்ஸ்மேன் ஓடுவதோடு சேர்ந்து நகர்ந்து பாருங்கள். பந்தைப் பார்ப்பதா, கோட்டைப் பார்ப்பதா என்று கண் திணறும். பந்து சக வீரனின் காலில் பட்ட அந்தக் கணத்தில் யார் எங்கே நின்றார்கள் என்பதுதான் 11-ஆம் விதியின் உயிர். அதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் புத்தகம் திறந்துகொள்ளும். ஆஃப்சைடு இடத்தில் சும்மா நிற்பது குற்றமில்லை, தன் பாதிக்குள் நின்றால் ஆஃப்சைடே இல்லை, கோல் கிக், த்ரோ-இன், கார்னர் மூன்றிலிருந்தும் நேராக வாங்கினால் ஆஃப்சைடு இல்லை. த்ரோ-இன்னுக்கு ஆஃப்சைடு கேட்டுக் கூச்சலிடும் ஆளைப் பார்க்காத சனிக்கிழமையே இருக்காது.

இப்படி ஒவ்வொரு கூச்சலையும் இரண்டாகப் பிரிக்கப் பழகுங்கள். நான் சொல்ல வந்ததே இதுதான். "அது மஞ்சளுக்குரிய வேகமா, சிவப்புக்குரிய வேகமா?" என்பது ரெஃப்ரியின் பார்வை சார்ந்தது, பாரில் விடிய விடியப் பேசினாலும் தீராது, தீர வேண்டியதும் இல்லை. "த்ரோ-இன்னில் ஆஃப்சைடு உண்டா?" என்பது விதி, புத்தகத்தைப் புரட்டினால் ஒரே வரியில் தீர்ந்துவிடும். எழுத்துக் கேள்விகளில் சம்பவத்தை அவர்களே விவரித்துவிடுவார்கள், நீங்கள் பார்த்துத் தீர்மானிக்க ஒன்றும் இல்லை. கேட்பதெல்லாம் இரண்டாவது வகை. வீட்டுக்கு வந்ததும் அன்று கேட்ட விதிச் சண்டைகளை மட்டும் எடுத்து, எந்த விதியில் வருகிறது என்று தேடிப் பாருங்கள். கால்பந்து விதிகளை வகுக்கும் சர்வதேச வாரியத்தின் (IFAB) ஆப் இலவசம்தான்.

ஆனால் ரசிகர்கள் கற்றுத்தராத ஒரு பகுதி இருக்கிறது. ஃபவுலா இல்லையா, என்ன அட்டை என்றுதான் சண்டை போடுவார்கள். ஆட்டத்தை மறுபடி எப்படித் தொடங்குவது என்று யாரும் சண்டை போடுவதில்லை. தேர்விலோ ஒவ்வொரு கேள்வியும் அதில்தான் போய் முடிகிறது: நிறுத்துவதா, அட்டை உண்டா, எப்படித் தொடங்குவது? த்ரோ-இன் யாரையும் தொடாமல் எதிரணியின் கோலுக்குள் போனால் கோல் கிக், தன் கோலுக்குள்ளேயே போனால் கார்னர். இன்டைரக்ட் ஃப்ரீ கிக் (நேராகக் கோல் அடிக்க முடியாத ஃப்ரீ கிக்) யார் மீதும் படாமல் எதிரணியின் கோலுக்குள் போனாலும் கோல் கிக். இந்தப் பகுதியை மட்டும் உட்கார்ந்து எழுதி எழுதித்தான் படிக்க வேண்டும், வேறு வழியில்லை.

பூங்கா ஆட்டங்களைப் பற்றிய கேள்விகளும் வரும். சிரிப்பாக இருக்கும், ஆனால் நிஜமாக நடப்பவை. பார்வையாளர் ஒருவர் விசில் ஊதி, அதைக் கேட்டு ஆட்டக்காரர்கள் நின்றுவிட்டால்? நிறுத்திவிட்டு டிராப் பால், அதாவது ரெஃப்ரியே பந்தைக் கீழே போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது. கோலுக்குள் போய்க்கொண்டிருக்கும் பந்தை ஒரு நாய் உரசி, அதன் பிறகும் பந்து உள்ளே போனால்? டிஃபெண்டர் யாரும் பந்தை ஆடுவதை அந்த நாய் தடுக்கவில்லை என்றால் கோல்தான். "என் பந்து!" என்று கத்துவதே குற்றம் என்று பலர் சத்தியம் செய்வார்கள். சக வீரனிடம் சொன்னால் குற்றமில்லை. எதிராளியை ஏமாற்றித் திசைதிருப்பக் கத்தினால்தான் மஞ்சளும் இன்டைரக்ட் ஃப்ரீ கிக்கும்.

ரெஃப்ரியின் முடிவை எதிர்த்துப் பேசுவதற்குத் தனிப் பாடமே உண்டு. நான்-லீக்கின் ஐந்தாம் படியிலிருந்து கீழே, பூங்கா ஆட்டம் வரை, 2019-20 பருவத்திலிருந்து சின் பின் முறை இருக்கிறது. முடிவை எதிர்த்து வாக்குவாதம் செய்த ஆட்டக்காரன் மஞ்சள் அட்டையோடு பத்து நிமிடம் வெளியே உட்கார வேண்டும். அதற்கு முன் சில லீக்குகளில் சோதித்துப் பார்த்தபோது எதிர்ப்புப் பேச்சு 38 சதவீதம் குறைந்ததாகக் கால்பந்து சங்கம் சொன்னது. வாக்குவாதத்துக்கு மட்டும்தான் சின் பின். நேரம் கடத்தினால் வெறும் மஞ்சள். கெட்ட வார்த்தையால் திட்டினால் நேராகச் சிவப்பு. இந்த மூன்றையும் குழப்பித்தான் கேள்வி வரும். எந்தப் பேச்சு எந்த வகை என்று கண்டுபிடிக்க நான்-லீக் சனிக்கிழமைகள் கொடுக்கும் காதுப் பயிற்சி வேறெங்கும் கிடைக்காது.

பயிற்சி முடிந்து முதல் ஆட்டம் கிடைக்கும்போது கோட்டில் கொடி பிடிப்பவர் பெரும்பாலும் ஏதாவது ஒரு கிளப்பின் ஆளாகவே இருப்பார், யாராவது ஒரு பையனின் அப்பாகூட இருக்கலாம். பந்து வெளியே போனதற்கு மட்டும் கொடியா, ஆஃப்சைடுக்குமா என்று ஆட்டத்துக்கு முன்பே அவரிடம் பேசிவிடுங்கள். ஒரு முடிவை மாற்ற வேண்டும் என்று தோன்றினால் ஆட்டம் மறுபடி தொடங்குவதற்குள் மாற்ற வேண்டும், தொடங்கிவிட்டால் ரெஃப்ரியைப் பற்றிய 5-ஆம் விதி அனுமதிக்காது. 16 வயது ஆகிவிட்டிருந்தால் டிபிஎஸ் எனும் பின்னணிச் சரிபார்ப்பும் வேண்டும். அதற்கு நாளாகும் என்பதால் சேர்ந்த உடனே விண்ணப்பித்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. விதிகள் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1 முதல் புதுப்பிக்கப்படுகின்றன. 2025-இல் கோல்கீப்பர் பந்தைக் கையில் எட்டு விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்று மாற்றினார்கள். கடைசி ஐந்து விநாடியை ரெஃப்ரி கையை உயர்த்தி விரல்களால் எண்ணிக் காட்ட வேண்டும். அதற்கு முன் ஆறு விநாடி, தண்டனை இன்டைரக்ட் ஃப்ரீ கிக். கம்பி ஓரத்தில் இன்னமும் "ஆறு, ஆறு!" என்று கத்துவார்கள். அண்ணனோ அக்காவோ வைத்திருந்த பழைய குறிப்புகளையும் பழைய பிடிஎஃப்பையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய பதிப்பை இறக்கிக்கொண்டு உட்காருங்கள்.