சன்னலில்லாத கலமும் வெள்ளையணுக்களும்

இரத்தம் கொடுத்துவிட்டு, முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்தியபடி இன்று காலை ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பஞ்சின் நடுவே கடுகளவு சிவப்பு. அதைப் பார்த்தபோது மாஸ்கோவில் அடைபட்டிருந்த ஆறு பேர் நினைவுக்கு வந்தார்கள்.

செவ்வாய்ப் பயணத்தின் ஒத்திகையாக, 2010 ஜூன் முதல் 2011 நவம்பர் வரை 520 நாள்கள், மூன்று ரஷ்யர்களும் ஒரு பிரெஞ்சுக்காரரும் ஓர் இத்தாலியரும் ஒரு சீனரும் சன்னலில்லாத கலங்களுக்குள் வாழ்ந்தார்கள். அங்கே எடையின்மை இல்லை, விண்வெளிக் கதிர்வீச்சும் இல்லை. இருந்தவை தனிமையும், மாறாத முகங்களும், வேண்டுமென்றே தாமதிக்கப்பட்ட செய்திகளும்தான்.

(போதாதென்று அவ்வப்போது இரத்தமும் எடுத்தார்கள், பாவம்.)

வெளியார் எவரும் நுழையாத இடத்தில் நோயெதிர்ப்பு மண்டலம் ஓய்வெடுத்துக்கொள்ளும் என்றுதான் நான் எண்ணியிருப்பேன். ஆனால் அவர்களுடைய இரத்தத்தில், வெள்ளையணுக்களில் ஒரு வகையான நிணநீர் அணுக்கள் பெருகியிருந்தன. அந்த இரத்தத்தை ஆய்வகத்தில் தூண்டிப் பார்த்தபோது நோயெதிர்ப்பு வினை வழக்கத்தைவிட மூர்க்கமாக இருந்தது. பகைவனே வராத கோட்டையில் காவலர்கள் நிழலைக் கண்டு வாளை உருவியதைப் போல.

நீண்ட தனிமை தந்த மன அழுத்தத்தையே ஆய்வாளர்கள் காரணமாகக் கருதினார்கள். இந்த மிகை விழிப்பை வலிமை என்று சொல்லிவிட முடியாது. கட்டுப்பாடு தளர்ந்தால் ஒவ்வாமையும் அழற்சியும் தொடரக்கூடும்.

என் அறிக்கை மாலையில் வரும். வெள்ளையணுக்களின் வரியைத்தான் முதலில் பார்ப்பேன்.